கூட்டல் தெரிந்தால் போதுமா? கல்லூரி நாட்களும் கீழே இருக்கும் எண்ணும்

கேள்வி – பிப்ரவரி 3

இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகையிடல், தொகையிடல், அணிகள், நிகழ்தகவு எல்லாம் போட்டாயிற்று. இதுவரை அன்றாட வாழ்க்கையில் நான் எடுத்த ஒரு முடிவுக்குக்கூட இவை உதவவில்லை. கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தான் என்பது என் கருத்து. இல்லை என்றால் சொந்த அனுபவத்தில் இருந்து சொல்லுங்கள் அண்ணா.

பிப்ரவரி 3, மாலை

பாதி ஒத்துக்கொள்கிறேன், தம்பி. கல்லூரியில் நான் பட்ட அடிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்ட கணக்கு ஏழாம் வகுப்பைத் தாண்டாது. ஆனால் அது கூட்டலோ பெருக்கலோ இல்லை. வகுத்தல். எதை வகுப்பது என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரியும். எதால் வகுப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வழுக்கினேன்.

என்னை முதலில் கவிழ்த்தது அட்டெண்டன்ஸ். 75 சதவீதம் வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம் என்பது விதி. ஒரு பாடத்தில் அதுவரை 60 வகுப்பு நடந்திருந்தது, நான் போனது 40. பட்டியலில் என் பெயருக்கு நேராக 66.7 என்று போட்டிருந்தார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன்: 60ல் 75 சதவீதம் என்றால் 45. கையில் இருப்பது 40. இன்னும் ஐந்து வகுப்புப் போனால் சரியாகிவிடும். நிம்மதியாக நோட்டை மூடிவிட்டேன்.

ஐந்துக்கும் தவறாமல் போனேன். அடுத்த பட்டியலில் 69.2 என்று இருந்தது. எழுத்தரிடம் போய், தவறாகப் போட்டிருக்கிறீர்கள் என்று வாதாடினேன். அவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி, 45ஐ 65ஆல் வகுத்துக் காட்டினார். நான் 60ஆல் வகுத்துக்கொண்டிருந்தேன். நான் போய் உட்காரும் ஒவ்வொரு வகுப்பும் மேலே இருக்கும் எண்ணை ஏற்றும்போதே கீழே இருக்கும் எண்ணையும் ஒன்று ஏற்றிவிடுகிறது என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அன்று இரவு ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேன். 60க்கு 40 என்று இருந்த நாளில் எனக்குத் தேவைப்பட்டது 20 வகுப்பு. செமஸ்டரில் மிச்சம் இருந்ததோ 14. அத்தனைக்கும் போனாலும் 74க்கு 54, அதாவது 72.97. நோட்டை நிம்மதியாக மூடிய அன்றே விஷயம் கைமீறிப் போயிருந்தது.

பிப்ரவரி 3, இரவு

ஏன் ஐந்து இருபதானது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 75 சதவீதம் என்றால் வராத ஒரு நாளுக்குத் துணையாக வந்த நாட்கள் மூன்று இருக்க வேண்டும். நான் 20 நாள் போகவில்லை, அதற்கு 60 நாள் வருகை வேண்டும், கையில் இருந்தது 40. மீதி 20. விதி 80 சதவீதம் என்றால் ஒரு நாளுக்கு நான்கு. 90 என்றால் ஒன்பது.

பிப்ரவரி 4

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "இவ்வளவு சுற்றுவானேன்? மொத்தம் 74 வகுப்பு. அதில் கால் பங்கு 18. அதுதான் விடுப்புக் கையிருப்பு. 19வது நாளை எடுத்தால் போச்சு."

அவர் சொல்வதுதான் நல்ல வழி. நான் நகர்ந்துகொண்டே இருக்கும் எண்ணைத் துரத்தினேன், அவர் செமஸ்டர் முடிவில் நிற்கப்போகும் எண்ணைப் பிடித்துக்கொண்டார். அந்த எண் நகராது. நான் 19வது விடுப்பை எடுத்த அன்று, இதோடு கதவு மூடுகிறது என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்த சதவீதமும் சொல்லவில்லை. ஏதோ கொஞ்சம் குறைவு, ஏற்றிவிடலாம் என்பது போலத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 74 என்பது கால அட்டவணையில் இருக்கும் எண். நடுவில் எட்டு வகுப்பு ரத்தானால் மொத்தம் 66, கையிருப்பு 16. ஆகவே இரண்டு மூன்று நாளைத் தொடாமல் வையுங்கள்.

பிப்ரவரி 6

மதிப்பெண் சராசரி பற்றிக் கேட்டவருக்கு. ஒரு செமஸ்டரில் 8, அடுத்ததில் 9 என்றால் சராசரி 8.5 என்று எழுதியிருக்கிறார். இரண்டிலும் கிரெடிட், அதாவது பாடங்களுக்குக் கொடுத்திருக்கும் எடை, ஒன்றாக இருந்தால் மட்டும்தான் அப்படி. முதலாவது 20 கிரெடிட், இரண்டாவது 26 என்றால் 160ஐயும் 234ஐயும் கூட்டி 46ஆல் வகுக்க வேண்டும். 8.57 வரும்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. 20 கிரெடிட் முடித்து 7ல் இருக்கும் மாணவர் அடுத்த 20 கிரெடிட்டில் 9 எடுத்தால் மொத்தச் சராசரி 8 ஆகிறது. அதே 9ஐ 120 கிரெடிட் முடித்த பிறகு எடுத்தால் 7.29தான். அதனால் முதல் இரண்டு செமஸ்டரில்தான் உயிரைக் கொடுத்துப் படிக்க வேண்டும், பின்னால் என்ன செய்தாலும் ஏறாது. இதை என் தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 7

நேற்று எழுதியதன் கடைசிப் பகுதி தவறு. இரவு படுத்த பிறகுதான் உறுத்தியது. படிப்பு முடிந்து வரும் இறுதிச் சராசரியில் முதல் செமஸ்டரின் ஒரு கிரெடிட்டும் கடைசி செமஸ்டரின் ஒரு கிரெடிட்டும் ஒரே எடைதான். பின்னால் எடுத்த 9க்கு மதிப்புக் குறைவதில்லை. அதுவரை குவிந்த எண் பெரிதாகிவிட்டதால் ஏற்றம் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். மூன்றாம் ஆண்டில், இனிமேல் ஏறாது என்று நினைத்துப் படிப்பதை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது நேற்று எழுதியதைப் படித்திருந்தால் தயவுசெய்து இதையும் படியுங்கள். தம்பிக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன்.

நடுவிலேயே அந்த எண்ணை யாராவது கேட்கிறார்கள் என்றால், உதாரணமாகப் பயிற்சி வேலைக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், அப்போது முன்னால் எடுத்தது மட்டும்தான் கணக்கில் இருக்கும். அந்த அளவுக்கு நேற்றைய பேச்சு நிற்கும்.

பிப்ரவரி 9

தவணையில் லேப்டாப் வாங்குவது பற்றிப் பேச்சு வந்ததால் இதை விரிவாக எழுதுகிறேன். நான் மாட்டிக்கொண்ட இடம்.

"ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி" என்றார்கள். கணக்கு எளிதாக இருக்கக் கடன் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,200. இரண்டையும் கூட்டி 12 மாதமாகப் பிரித்தால் மாதம் 1,100. பெருக்கிப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கீழே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1,200ஐ அவர்கள் 12,000ஆல் வகுத்து 10 என்கிறார்கள். ஆனால் அந்த 12,000 ஆண்டு முழுதும் என் கையில் இருந்ததா? முதல் மாதம் மட்டும்தான். அசலில் மாதம் 1,000 திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டாம் மாதம் என்னிடம் இருப்பது 11,000, மூன்றாம் மாதம் 10,000, கடைசி மாதம் வெறும் 1,000. சராசரியாகப் பார்த்தால் ஆண்டு முழுதும் நான் அனுபவித்த கடன் 6,500. 1,200ஐ 6,500ஆல் வகுத்தால் 18 சதவீதத்துக்குச் சற்று மேலே. இது தோராயம். மீதி நிலுவைக்கு மட்டும் மாதாமாதம் வட்டி போடும் முறையில் துல்லியமாகப் போட்டால் மாதத்துக்கு ஏறக்குறைய 1.5, ஆண்டுக்கு 18 என்று வருகிறது.

நான் பக்கத்தில் ஒதுக்கிவைத்த இன்னொரு கடன், நிலுவைக்கு மட்டும் 14 சதவீதம் கேட்டது. 10ஐயும் 14ஐயும் பார்த்து 10ஐ எடுத்தேன். உண்மையில் அது 18க்கும் 14க்கும் இடையிலான தேர்வு. யாரும் பொய் சொல்லவில்லை, 10 என்று அச்சடித்த இடத்துக்குப் பக்கத்தில் "பிளாட்" என்ற ஒரு சொல் இருந்தது. திருப்பிக் கட்டிய பகுதிக்கும் சேர்த்து, முதலில் வாங்கிய கடன் முழுதுக்கும் வட்டி என்பது அதன் பொருள். எனக்கு அது தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

பிப்ரவரி 9, இரவு

"வட்டியே இல்லை, பதிவுக் கட்டணம் 5 சதவீதம் மட்டும்" என்பதற்கும் இதே கதைதான். அதே 12,000க்குக் கட்டணம் 600, முன்பணமாகவே பிடித்துவிடுவார்கள். சராசரி நிலுவை 6,500தான். ஆண்டுக்கு 9 முதல் 10 சதவீத வட்டி கொடுத்ததற்குச் சமம். சில நேரம் அது நியாயமான விலையாகவே இருக்கும், ஆனால் பூஜ்யம் இல்லை.

கடன் அட்டையில் மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 இல்லை, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42.6. எதுவும் கட்டாமல் விட்டால் எப்போது இரட்டிப்பாகும் என்று பார்க்க 72ஐ 3ஆல் வகுத்தால் போதும், தோராயமாக வந்துவிடும். 24 மாதம்.

பிப்ரவரி 12

"ஒரு இடத்தில் பயிற்சி வேலை கிடைக்க 10 சதவீத வாய்ப்பு என்றால் பத்து இடத்துக்குப் போட்டால் கட்டாயம் ஒன்று கிடைக்குமா?"

கிடைக்காமல் போகும் வாய்ப்பைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். 0.9ஐப் பத்து முறை பெருக்கினால் 0.35. ஆகவே ஒன்றாவது கிடைக்க 65 சதவீதம். இருபது இடம் என்றால் 88. நிறைய இடத்துக்குப் போடுங்கள், கணக்கு உங்கள் பக்கம்.

பிப்ரவரி 13

நேற்றைய பதிலை அப்படியே விடக் கூடாது. 0.9ஐ 0.9ஆல் பெருக்கலாம் என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒரு இடத்தில் மறுத்ததற்கும் இன்னொரு இடத்தில் மறுத்ததற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. விண்ணப்பங்கள் அப்படி இருப்பதில்லை. எல்லா இடத்துக்கும் போவது ஒரே ஆள், ஒரே தற்குறிப்பு.

மூன்றாம் ஆண்டில் நான் 14 இடத்துக்கு அனுப்பினேன். ஒன்றில் இருந்தும் அழைப்பு வரவில்லை. அப்போதே இந்தக் கணக்கு எனக்குத் தெரியும், 0.9ஐ 14 முறை பெருக்கிப் பார்த்தேன், 0.23. நான்கில் ஒருவருக்கு இப்படி நடக்கத்தான் செய்யும், நமக்கு நேரம் சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஏழெட்டு வாரம் கழித்து ஒரு தோழி என் தற்குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். என் போன் அடிக்கவில்லை. தொலைபேசி எண்ணில் ஆறாவது இலக்கம் தவறு. அது பதினான்கு தோல்வி இல்லை, பதினான்கு முறை பிரதி எடுத்த ஒரே தோல்வி. நான் சரியாகப் பெருக்கிய எண், கண்டுபிடிக்க வேண்டிய தவற்றை எனக்கு மறைத்துவிட்டது.

அதனால் இப்படிச் செய்யுங்கள்: நான்கைந்து இடத்துக்கு அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். பதில் இல்லை என்றால் தற்குறிப்பை வேறு ஒருவரிடம் காட்டி மாற்றிவிட்டு அடுத்த ஐந்தை அனுப்புங்கள். இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவதைவிட விண்ணப்பத்தை மாற்றுவதால்தான் வாய்ப்புகள் ஒன்றையொன்று சாராமல் நிற்கும்.

பிப்ரவரி 16

நெகட்டிவ் மார்க் உள்ள தேர்வில் தெரியாத கேள்வியை விடுவதா, குத்துமதிப்பாகக் குறிப்பதா?

நான்கு விடைகளில் ஒன்று சரி. சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்று வைப்போம். கண்ணை மூடிக் குறித்தால் நான்கு முறையில் ஒருமுறை 4 வருகிறது, மூன்று முறை 1 போகிறது. நான்கு கேள்விக்கு நிகரம் 1, கேள்விக்குக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து அதை நீக்கிவிட்டால் மூன்றில் இரண்டு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் ஒன்றரை. சரிக்கு 3, தவறுக்கு 1 என்று இருந்தால் குருட்டுக் குறிப்புக்கு லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அங்கே ஒரு விடையையாவது நீக்கினால்தான் கை வைக்க வேண்டும்.

இந்தச் சிந்தனை பிறந்தது 1654ல். பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பாஸ்கல், ஃபெர்மா என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். இதுவரை யார் எத்தனை ஜெயித்தார் என்பதைப் பார்க்காமல், இனி நடக்கக்கூடியவற்றில் யாருக்கு எத்தனை சாதகம் என்று எண்ணினார்கள். தேர்வறையில் நாம் செய்வதும் அதுதான்.

பிப்ரவரி 16, இரவு

மேலே எழுதியது சராசரிக் கணக்கு. தேர்வை நாம் ஒருமுறைதான் எழுதுகிறோம். 4க்கு 1 கழிவு என்ற முறையில் இருபது கேள்விகளைக் குருட்டாகக் குறித்தால் சராசரியாக 5 மதிப்பெண் ஏற வேண்டும். ஆனால் நட்டத்தில் முடிவதற்கும் 22 முதல் 23 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்பதற்கு 19 சதவீதம். ஆக நூறு பேர் இதைச் செய்தால் ஏறக்குறைய 58 பேர்தான் முன்னால் வருவார்கள்.

தேர்ச்சிக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று உறுதியாகத் தெரிந்து, அதற்கு மேல் எடுப்பதால் பயனும் இல்லை என்றால் பேனாவை மூடிவிடலாம். கோட்டுக்குக் கீழே நிற்கிறோம் என்றால், 3க்கு 1 என்ற முறையில்கூடக் குறிப்பதுதான் சரி. 38ல் தோற்பதும் 33ல் தோற்பதும் அங்கே ஒன்றுதானே. ஒரே கேள்வித்தாளில் பக்கத்துப் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கு வேறு வேறு சரியான முடிவு இருக்கலாம்.

பிப்ரவரி 20

"சராசரி வகுப்பில் 50 பேர் என்று கல்லூரி சொல்கிறது, நான் போகிற வகுப்பெல்லாம் நிரம்பி வழிகிறது. பொய் சொல்கிறார்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

பொய்யாக இருக்கத் தேவையில்லை. இரண்டே வகுப்பு உள்ள கல்லூரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 10 பேர், இன்னொன்றில் 90. வகுப்புகளை எண்ணினால் சராசரி 50. இப்போது வாசலில் நின்று வெளியே வரும் மாணவர் ஒவ்வொருவரையும், உன் வகுப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 90 பேர் "90" என்பார்கள், 10 பேர் "10" என்பார்கள். சராசரி 82. ஆசிரியர்களைக் கேட்டால் 50, மாணவர்களைக் கேட்டால் 82. நெரிசலான இடத்தில் நிறையப் பேர் இருப்பதால் நிறையப் பேர் நெரிசலைத்தான் பார்க்கிறார்கள்.

இதையே நண்பர்களுக்குப் போட்டுப் பார்த்து 1991ல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார்: பெரும்பாலானவர்களுக்கு, அவர்களைவிட அவர்களுடைய நண்பர்களுக்கு அதிக நண்பர்கள் இருக்கிறார்கள். நிறைய நண்பர்கள் உள்ளவர் நிறையப் பேருடைய பட்டியலில் வருவார், அதுதான் காரணம். முதலாம் ஆண்டில், எல்லாரும் கூட்டமாகத் திரிகிறார்கள், நான் மட்டும் தனியாக இருக்கிறேன் என்று எத்தனை மாலை அறையில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கணக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது அப்படி உட்கார்ந்திருக்கும் யாராவது படித்தால் நல்லது என்றுதான் எழுதினேன்.

பிப்ரவரி 21

"95 சதவீதம் பேருக்கு வேலை" என்ற விளம்பரத்துக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். எத்தனை பேரில்? சேர்ந்த எல்லாரிலா, படிப்பை முடித்தவர்களிலா, வேலைக்குப் பதிவு செய்தவர்களிலா? 200 பேர் சேர்ந்து, 100 பேர் பதிவு செய்து, 95 பேருக்குக் கிடைத்தாலும் அது 95 சதவீதம்தான்.

துறை வாரியாகவும் கேளுங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. பார்த்தவுடன் பாகுபாடு என்றே தோன்றும். பிக்கல், ஹாமெல், ஓ'கானல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் துறை துறையாகப் பிரித்துப் பார்த்து 1975ல் எழுதினார்கள்: துறைகளுக்குள் அந்த இடைவெளியைக் காணோம், துறைவாரி முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் பெண்களுக்குச் சற்றுச் சாதகமாகக்கூட இருந்தது. பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. ஏன் அந்தத் துறைகளில் இடம் குறைவு, ஏன் பெண்கள் அவற்றுக்குப் போனார்கள் என்பது தனிக் கேள்வி, அதுவும் நியாயமான கேள்விதான். ஆனால் மொத்த எண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு வந்து சேரவே முடியாது.

பிப்ரவரி 25

தம்பி, நீங்கள் கேட்ட வகையிடலுக்கு இப்போதுதான் வருகிறேன். தேர்வுக்கு முந்தைய நாள் ஆறு மணி நேரம் இருக்கிறது, இரண்டு பாடம். எனக்குப் பிடித்த பாடத்தில் ஏற்கெனவே 80 எடுக்கும் நிலை, மற்றதில் 45. நான் எப்போதும் பிடித்ததைத்தான் மறுபடி படிப்பேன், ஏனென்றால் அது ஓடும். கேட்க வேண்டியது இதுவரை எவ்வளவு தெரியும் என்பது இல்லை, அடுத்த ஒரு மணி நேரம் எங்கே எத்தனை மதிப்பெண் தரும் என்பது. அந்த "அடுத்த ஒரு மணிக்கு எவ்வளவு" என்பதுதான் வகைக்கெழு. 80ல் இருந்து 81க்குப் போக ஒரு மணி ஆகிறது, 45ல் இருந்து 51க்குப் போகவும் ஒரு மணிதான் ஆகிறது என்றால், இரண்டிலும் அடுத்த மணியின் பலன் சமமாகும் வரை நேரத்தை இரண்டாவது பாடத்துக்கே கொடுக்க வேண்டும்.

அந்த வளைவு யாருக்கும் முன்கூட்டியே தெரியாதே என்பீர்கள். உண்மைதான். நான் செய்தது: ஒரு மணி படித்தபின் பழைய கேள்வித்தாளில் பத்து நிமிடம் போட்டுப் பார்ப்பேன். ஏறியிருக்கிறதா, எவ்வளவு? இரண்டு புள்ளி கிடைத்தாலே சரிவு தெரிந்துவிடும்.

மார்ச் 1

நேர மதிப்பீடு. 1994ல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 33.9 நாள். எல்லாமே கெட்டுப்போனால்? 48.6 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமாகப் போனால் என்று கேட்டபோது சொன்னதைவிடவும் ஒரு வாரம் அதிகம்.

இதைப் படித்தபின் ஒரு செமஸ்டர் முழுதும் நோட்டில் இரண்டு பத்தி வைத்தேன். இடது பக்கம் ஆகும் என்று நினைத்த மணி, வலது பக்கம் ஆன மணி. முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது: ஆய்வக அறிக்கை, 3, 5½. பன்னிரண்டு அசைன்மென்ட் முடிந்ததும் வலதை இடதால் வகுத்தேன், 1.8. அதன்பின் மனதில் எந்த எண் தோன்றினாலும் 1.8ஆல் பெருக்கிவிட்டுத்தான் ஒத்துக்கொள்வேன். இரவு விழிப்பது அந்த ஆண்டோடு குறைந்தது. நான் வேகமாகிவிடவில்லை, முன்னாலேயே ஆரம்பித்தேன்.

மார்ச் 2

1.8ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது என்னுடையது. குழு வேலைக்கு எனக்கே வேறு எண் வந்தது, 2.5. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பெர்க்லி கதைதான் என் நோட்டிலும்.

மார்ச் 6

மூன்று பேர், மூன்று அறை, மூன்றும் வேறு வேறு அளவு. வாடகையைச் சமமாகப் பிரித்தால் சின்ன அறைக்காரருக்கு மனக்குறை, சதுர அடிப்படி பிரித்தால் சன்னல் உள்ள அறைக்காரர் தப்பித்துக்கொள்கிறார். நாங்கள் இதில் இரண்டு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் பயன்பட்ட வழி இது. மொத்த வாடகை 100 பங்கு. ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்காமல் ஒரு தாளில், எந்த அறைக்கு எத்தனை பங்கு கொடுக்கலாம் என்று மொத்தம் 100 வருமாறு எழுத வேண்டும். முதலாமவர் பெரிய அறைக்கு 45, நடு அறைக்கு 30, சின்ன அறைக்கு 25 என்றார். இரண்டாமவர் 40, 35, 25. நான் 40, 30, 30. எனக்குச் சின்ன அறையின் அமைதி பிடித்திருந்தது. மொத்தம் அதிகமாக வரும்படி அறைகளைக் கொடுத்தால் முதலாமவருக்குப் பெரியது, இரண்டாமவருக்கு நடு, எனக்குச் சின்னது: 45, 35, 30, ஆக 110. தேவைக்கு மேல் 10. அதை மூவரும் சமமாகக் கழித்துக்கொண்டோம், ஆளுக்கு மூன்றே கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். ஒவ்வொருவரும் தான் எழுதியதைவிடக் குறைவாகக் கொடுத்தார். இன்னொருவருடைய அறையை அவர் கொடுக்கும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டபோது மூவருக்கும் வேண்டாம் என்றே பதில்.

எங்கள் எண்களுக்கு இது ஒத்துவந்தது. மிச்சத்தைச் சமமாகக் கழித்தால் எப்போதும் பொறாமை இல்லாமல் முடியும் என்று சொல்ல முடியாது, சில நேரம் வேறு மாதிரி பிரிக்க வேண்டிவரும். ஆனால் பொதுவான சில நிபந்தனைகளுக்குள் யாரும் யாருடைய அறைக்கும் ஏங்காத ஒரு பிரிப்பு கட்டாயம் உண்டு என்று 1999ல் பிரான்சிஸ் சூ என்ற கணிதவியலாளர் காட்டினார். அதற்கு அவர் கையில் எடுத்தது 1928ல் ஸ்பெர்னர் நிறுவிய ஒரு துணைத்தேற்றம்: பெரிய முக்கோணத்தைச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, முனைகளுக்கு விதிப்படி மூன்று நிறம் பூசினால், மூன்று நிறமும் உள்ள சின்ன முக்கோணம் ஒன்றாவது இருந்தே தீரும். தேர்வுக்கு மட்டும்தான் என்று நீங்கள் சொன்ன வகைக் கணிதம்தான், தம்பி. அது எங்கள் வீட்டுச் சண்டை வரை வந்தது.

மார்ச் 10

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, இன்று எல்லாப் பாடத்துக்கும் விடுப்புக் கையிருப்புப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாடம்தான் பயமாக இருந்தது. மொத்தம் 80 வகுப்பு, விதி 75, ஆக 20 நாள். 13 எடுத்துவிட்டேன். இன்னும் 7 இருக்கிறது, தப்பித்தேன்."

மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த 80ல் ஆய்வக வகுப்பும் சேர்ந்திருக்கிறதா? சில இடங்களில் ஆய்வகத்துக்குத் தனியாக 75 வேண்டும். 80ல் ஆய்வகம் 16 என்றால் அங்கே உங்கள் கையிருப்பு 4தான். 13ல் எத்தனை நாள் ஆய்வக நாள் என்று பார்த்துவிட்டு நாளை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகக் கேட்டுவிடுங்கள். இந்த வாரம் விடுப்பு எடுக்க வேண்டாம்.